மணல் அடிச்ச பாத்திரம்

அந்த அண்டாவைச் சித்தே தள்ளி வச்சுட்டு உக்காருங்க அம்மிணி. பாத்திரத்துல பேரு வெட்டறவரு சாப்பிடப் போயிருக்காரு. கடைக்காரரு பத்து நிமிசம்னுதான் சொல்லுவாரு, நம்பாதீங்க. முக்கால் மணி நேரம் ஆகும். இந்த வாரத்துல நான் மூணாவது தடவையா வர்றேன், எனக்குத் தெரியும்.

உங்களுது அஞ்சு சாமானுங்களா? புள்ளைக்குச் சீரு? நல்லதுங்க, நல்லதுங்க. என்ன எழுதோணும்னு சீட்டுல எழுதிக் கொண்டாந்துட்டீங்களா? அதான் புத்திசாலித்தனம். நான் பாருங்க, வெறுங்கையோட வந்து உக்காந்திருக்கேன்.

இந்தச் சாக்குலயா? இது ஒரே ஒரு பித்தளைப் போசிங்க. பால் காய்ச்சற போசி. வீட்டுல இன்னும் இருபது கெடக்குது. தொட்டுப் பாருங்க, சும்மா தொடுங்க. சொரசொரன்னு இருக்குதா? பளபளப்பு துளி இல்லை பாத்தீங்களா? அது நான் பண்ணின வேலை. சாண்ட் பிளாஸ்டிங். கேள்விப்பட்டிருக்கீங்களா? காத்தோட மணலைச் சேத்து வேகமா அடிக்கறதுங்க. துரு, பெயிண்ட், அழுக்கு, எது இருந்தாலும் உரிச்சுப்போடும். இரும்பு அப்படியே பொறந்த மேனிக்கு வந்து நிக்கும்.

என்ற பேரு நாச்சிமுத்து. பம்பு கம்பெனியில முப்பத்திரண்டு வருசம் வேலை. பெயிண்டிங் செக்சன் சூப்பர்வைசர். ஒரு பொட்டு துரு இருந்தாலும் சாமானைத் திருப்பி அனுப்பிச்சிருவேன். "நாச்சிமுத்து கண்ணுல பட்டா ரிட்டன்தான்"னு பசங்க பேசிக்குவாங்க. ரிட்டயர்டு ஆயிட்டேன். ரெண்டு வருசம் முன்னால என்ற சம்சாரம் துளசிமணி போய்ச் சேந்துட்டா. அதுக்கப்புறம் வீடு இருக்குது பாருங்க, நாலு ரூமு, ஒரு ஹாலு, அத்தனைக்கும் நான் ஒருத்தன். தனியா இருக்கறது கஷ்டமில்லீங்களான்னு எல்லாரும் கேக்கறாங்க. என்னங்க கஷ்டம்? சோறாக்கத் தெரியும், துணி தொவைக்கத் தெரியும். இந்தச் சத்தம் இல்லாததுதான் ஒரு மாதிரி. நான் டம்ளரைக் கீழ வச்சாத்தான் வீட்டுல ஒரு சத்தம்.

ஆரம்பிச்சது கேட்டுலதானுங்க. கேட்டுத் தாழ்ப்பாள் துருப்பிடிச்சு, தொறந்தா கையெல்லாம் செவப்பு. உப்புத்தாளு போட்டுத் தேச்சுத் தேச்சு கை காப்புக் காய்ச்சுப்போச்சு. அப்பத்தான் போன்ல ஒரு வீடியோ பாத்தேன். எவனோ வடக்கத்திக்காரன், பேசறது ஒரு வார்த்தை புரியலை, ஆனா கை செய்யறது புரியுதல்லங்க. வீட்டுலயே கம்ப்ரசரு வச்சு அடிக்கறான். அட, இது நம்ம கம்பெனியில காண்ட்ராக்ட் ஆளுங்க அடிச்ச வேலையாச்சே, முப்பத்திரண்டு வருசம் நின்னு பாத்தவனுக்குத் தெரியாதான்னு எறங்கிட்டேன்.

பாக்கறது வேற, செய்யறது வேறங்க. அதை ஒத்துக்கறேன்.

பஞ்சர் கடை ஒண்ணை மூடினாங்க, அங்கிருந்து கம்ப்ரசரு வாங்கினேன். துப்பாக்கி மாதிரி ஒண்ணு, அதுக்கு ஹோஸு. மணலு? பக்கத்து வீட்டு டீச்சரம்மா வீடு கட்டின மிச்சம் வாசல்ல கெடந்துச்சு, ரெண்டு சட்டி அள்ளிட்டு வந்தேன். போட்டு அமுத்தறேன், புஸ்ஸுன்னு ஒரு காத்து, அவ்வளவுதான். மணலு ஈரம். துப்பாக்கி மூக்குல போயி அடைச்சுக்கிச்சு. அப்புறம் மொட்டை மாடியில காயப் போட்டு, துளசி மாவு சலிக்கற சல்லடையை எடுத்துச் சலிச்சேன். அவ இருந்திருந்தா அந்தச் சல்லடையாலயே ஒண்ணு போட்டிருப்பா. மறுபடி அமுத்தினேன் பாருங்க... ஆத்தாடி! வாசலே தெரியலை. ஒரே புழுதி. டீச்சரம்மா கொடியில போட்டிருந்த வெள்ளைச் சேலையெல்லாம் செம்மண்ணு நெறம். அந்தம்மா சொவத்துக்கு மேல தலையை நீட்டி, "உங்களுக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"ன்னு கத்துது. ஒரு மனுசன் புதுசா ஒண்ணு கத்துக்கிட்டா பொறுக்காதுங்க சில பேருக்கு.

அப்புறம் இருமலு. நாலு நாள் நெஞ்சைப் புடுங்குது. டாக்டர்கிட்டப் போனா மனுசன் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. "கட்டட மணலைப் போட்டா அடிச்சீங்க? அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போனா திரும்ப வராதுங்க பெரியவரே, துண்டைக் கட்டிட்டு நின்னாப் பத்தாது"ன்னாரு. இதை மட்டும் நான் எல்லார்கிட்டயும் சொல்றதுங்க. யாராவது வீட்டுல ஆரம்பிக்கறேன்னா அந்த மணலைத் தொடவே கூடாது. இதுக்குன்னே கார்னெட்டுன்னு செவப்பா ஒரு மணல் மூட்டையில வருது. அதை வாங்கினேன். ரெண்டு பக்கமும் குப்பி வச்ச மாஸ்க் வாங்கினேன். புழுதி வெளிய வராம அடிக்க ஒரு பொட்டி வேணுமில்ல? அதுக்குத்தான் ஃபிரிட்ஜ்.

சிரிக்காதீங்க. துளசி போய்ச் சேந்த வருசமே அந்த ஃபிரிட்ஜும் போயிருச்சு. ஒருத்தனுக்கு எதுக்குங்க ஃபிரிட்ஜுன்னு ரிப்பேரு பண்ணலை. அதைப் படுக்க வச்சு, கதவுல வட்டமா ரெண்டு ஓட்டை, ஓட்டையில முழங்கை வரைக்கும் வர்ற ரப்பர் கையுறை. மேல ஒரு கண்ணாடி, உள்ள ஒரு பல்பு. சாமானை உள்ள வச்சு மூடிட்டு, கையை விட்டு அடிக்க வேண்டியதுதான். ஒரு பொட்டுப் புழுதி வெளிய வராது. கம்பெனியில கூட அப்படி ஒண்ணு இல்லீங்க!

கேட்டு அடிச்சேன், துண்டு துண்டாக் கழட்டி. ஜன்னல் கம்பி அடிச்சேன். தேங்காத்துருவி, அருவாமணை, கட்டில் காலு. வீட்டுல முடிஞ்சு போச்சுன்னா? தெருவுல போயிக் கேட்டேன். "உங்க வீட்டு சைக்கிள் துருவா இருக்குது, குடுங்க, சும்மாவே அடிச்சுத் தர்றேன்." வேண்டாங்க, பரவால்லீங்க, அப்புறமாப் பாக்கலாங்கன்னாங்க. கூச்சம். பெரியவருகிட்ட வேலை வாங்கறமேன்னு கூச்சப்படறாங்க. நான் தெருவுல எறங்கினாலே உள்ள போயிருவாங்கன்னாப் பாத்துக்கங்களேன். அதனால கேட்டையே கழட்டி ரெண்டாவது தடவை அடிச்சேன். கம்ப்ரசரு ஓடற வரைக்கும் வீட்டுல ஆளு இருக்கற மாதிரியே இருக்குமுங்க. நின்னுதுன்னா காது கொய்யுன்னு ஆயிரும்.

சரி, கதைக்கு வர்றேன். போன மாசம் என்ற புள்ளைகிட்டயிருந்து போனு.

எனக்கு ஒரே புள்ளைங்க, சுகந்தி. ஓசூர்ல வேலை. ரெண்டு வருசமா அவ போன் பண்ணினதில்லை. அம்மா காரியத்துக்கு வந்தா, பதினாறாம் நாளு வரைக்கும் இருந்தா, சோறாக்கினா, கெளம்பிட்டா. என்றகிட்ட, "மாத்திரை போட்டீங்களா?"ங்கறதுக்கு மேல ஒரு வார்த்தை கெடையாது. அவ போன் பண்ணி, "அப்பா, நான் ஓசூர்ல சொந்தமா வீடு வாங்கியிருக்கேன். வர்ற மாசம் ஒரு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறேன். பரண்மேல கெடக்கற என்ற சீர்ப் பாத்திரமெல்லாம் எனக்கு வேணும். அம்மா கையால எடுத்தது. அதுல இருக்கற போசியிலதான் பால் காய்ச்சோணும்"னா. நான் சொன்னேன், "வா சாமி, எடுத்து வைக்கறேன். நீ வந்து பாரு, எப்படி வச்சிருக்கேன்னு பாரு."

சீர்ப் பாத்திரம் ஏன் பரண்மேல கெடக்குதுன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சொல்லீர்றேன்.

நான்தான் மாப்பிள்ளை பாத்தேன். திருப்பூர்ல நல்ல குடும்பம், தெக்கால தோட்டம், வடக்கால கம்பெனி. எட்டே மாசத்துல பொட்டியைத் தூக்கிட்டு வந்து நின்னா. "முடியலைப்பா, அடிக்கறாரு"ன்னா. எந்தக் குடும்பத்துலதான் இல்லை, அனுசரிச்சுப் போ கண்ணு, திரும்பிப் போன்னேன். மூணு நாள் பாத்தா. நான் எறங்கி வர்லை. நாலாம் நாள் கெளம்பிட்டா, திருப்பூருக்கில்லை, ஓசூருக்கு, எவளோ கூடப் படிச்சவ ரூமுக்கு. அப்புறம் ஒரு மத்தியானம், மாப்பிள்ளை வீட்டுலயிருந்து சீரு அத்தனையும் லோடு ஆட்டோவுல திரும்பி வந்துச்சுங்க. சாக்கு சாக்கா எறக்கறாங்க. தெருவே வாசல்ல நிக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஊருச் சாமானையெல்லாம் ரிட்டன் பண்ணினவன், என்ற வாசல்ல ரிட்டன் வந்து எறங்குது. சாக்கைப் பிரிக்கக்கூட விடலை. அப்படியே பரண்மேல ஏத்தச் சொல்லிப்போட்டு, துளசிகிட்டக் கத்தினேன். "இந்த வீட்டுல இனிமே அவ பேரு இருக்கக் கூடாது"ன்னு. சுகந்தி அப்ப போன்ல இருந்திருக்கா. அம்மாகிட்டப் பேசிட்டிருந்திருக்கா. கேட்டுட்டா.

கோவத்துல சொன்னதுதானுங்க. பன்னெண்டு வருசமாச்சு. அதையெல்லாம் ஒருத்தி மனசுல வச்சுக்குவாளா?

வச்சுக்குவாளா அம்மிணி? ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? சரி விடுங்க.

பரண்மேல ஏறி எறக்கினேன். பித்தளை, எவர்சில்வரு, செம்பு, எல்லாம் சேத்து இருபத்தோரு சாமான். பித்தளையெல்லாம் பச்சையா களிம்பு. எவர்சில்வர்ல சாக்குநார் ஒட்டிக் கெடக்குது. எனக்கு ஒரே சந்தோசம். கையில வேலை இருக்குது, காரணமும் இருக்குது! புளி போட்டு வெளக்கியிருக்கலாம்னு டீச்சரம்மா இப்பச் சொல்லுது. புளி எதுக்குங்க, நம்மகிட்டத்தான் ஃபிரிட்ஜ் இருக்குதே. என்ற புள்ளைக்கு என்ற கையால ஒண்ணு பண்ணினதே இல்லை, இதையாவது பண்ணுவோம்னு எறங்கினேன். ஒம்போது நாளு. காலையில ஆரம்பிச்சா மத்தியானச் சோத்துக்குத்தான் கையை வெளிய எடுப்பேன். உள்ளயும் வெளியயும், விளிம்பு, அடி, காது, ஒரு எடம் விடலை.

ஒண்ணு சொல்றேன், இது தெரிஞ்சுக்கோணும். அடிக்க அடிக்க அந்தக் கண்ணாடியும் மணலு பட்டுப் பட்டு மங்கிப்போகுமுங்க. ரெண்டு நாளைக்கொருக்கா மாத்தோணும். நான் மாத்தலை. பனியில பாக்கற மாதிரி ஒரு குத்துமதிப்பாப் பாத்துத்தான் அடிச்சேன். ஒவ்வொரு சாமான்லயும் விளிம்புக்குக் கீழ என்னமோ கீறல் கீறலாத் தெரிஞ்சுது. பரண்ல ஒண்ணோட ஒண்ணு ஒரசிக் கீறல் விழுந்திருக்குதுன்னு நெனச்சேன். அந்த எடத்துல மட்டும் இன்னும் ரெண்டு நிமிசம் சேத்துப் புடிச்சேன். சுத்தமாப் போற வரைக்கும் புடிச்சேன்.

போன ஞாயித்துக்கெழமை வந்தா. பத்திரிகை கொண்டாந்தா. ஹால்ல பாயை விரிச்சு இருபத்தொண்ணையும் வரிசையா வச்சிருந்தேன். கம்பெனியில ஆடிட்டர் வர்ற அன்னிக்கு வைப்போம் பாருங்க, அந்த மாதிரி. வந்தவ பாத்துட்டு நின்னா. ஒரு சொம்பை எடுத்தா, திருப்பினா, விளிம்பை வெரலால தடவினா. கீழ வச்சா. அடுத்ததை எடுத்தா. அதையும் தடவினா. அப்புறம் வேக வேகமா ஒவ்வொண்ணா எடுக்கறா, பாக்கறா, வைக்கறா. கடைசியா இந்தப் போசி. இதை மடியில வச்சுட்டு உக்காந்துட்டா.

"ஒண்ணுல கூட விடலையாப்பா?"ன்னா.

நான் பெருமையாச் சொன்னேங்க. "ஒண்ணு கூட விடலை கண்ணு! இருபத்தொண்ணும் முடிச்சாச்சு."

என்ற மூஞ்சியையே பாத்தா. "சொன்ன மாதிரியே செஞ்சுட்டீங்க"ன்னா.

"பின்னே? அப்பன் ஒண்ணு சொன்னா செய்வான்ல?"ன்னேன். போன்ல எடுத்து வைக்கறேன்னு சொன்னனே, அதைத்தான் சொல்றாளாக்கும்னு நெனச்சுப்போட்டேன்.

எந்திரிச்சா. போசியைப் பாயில வச்சா. காப்பி போட்டு வச்சிருந்தேன், தொடலை. பத்திரிகையை ஃபிரிட்ஜ் மேல வச்சா, பையை எடுத்துட்டு வாசலைத் தாண்டிட்டா. நான் பின்னாலயே போயி, "பளபளப்பு இல்லைன்னு பாக்கறியா கண்ணு, இது மேட் ஃபினிஷு, வேணும்னா பஃப் அடிச்சுத் தர்றேன்"னு தெரு முக்கு வரைக்கும் சொல்லிட்டே போனேன். திரும்பிப் பாக்கலை. பஸ் ஏறிட்டா.

எனக்குக் கோவம். ஒம்போது நாள் நின்னு செஞ்சிருக்கேன், ஒரு நல்ல வார்த்தை உண்டா? வாசல்ல நின்னு பொலம்பிட்டிருந்தேன். டீச்சரம்மா சொவத்துப் பக்கம் வந்து, "சுகந்தி ஏன் அழுதுட்டே போறா?"ன்னுச்சு. அழுதாளா? நான் முதுகைத்தானுங்க பாத்தேன். கூட்டிட்டு வந்து பாத்திரத்தைக் காட்டினேன். அந்தம்மா ஒரு தட்டை எடுத்து விளிம்பைப் பாத்துச்சு. வாயில கையை வச்சுக்கிச்சு.

"ஏனுங், இதுல பேரெல்லாம் எங்க?"

"என்ன பேரு?"

"துளசியக்கா ஒவ்வொண்ணுலயும் பேரு வெட்டி வச்சிருந்தாங்களே! சுகந்திக்கு ஆறு வயசுலயிருந்து, வருசா வருசம் பொறந்த நாளுக்கு ஒரு பாத்திரம். பேரு, வயசு, அதுக்குக் கீழ ஒரு வரி. நானே நாலஞ்சு தடவை கூடக் கடைக்குப் போயிருக்கேனே. உங்களுக்குத் தெரியாது?"

தெரியாதுங்க.

இருபத்தோரு வருசம். என்ற வீட்டுக்குள்ளதான் வந்துச்சு, என்ற பரண்மேலதான் ஏறுச்சு. ஒண்ணை எடுத்துத் திருப்பிப் பாத்ததில்லை. கல்யாணத்தன்னிக்குச் சீருத் தட்டு வரிசையா வச்சிருந்தாங்க, நான் பந்திக்கு எலை பத்துமான்னு ஓடிட்டிருந்தேன். ஒரு பொட்டு துரு கண்ணுல பட்டுரும் எனக்கு. என்ற புள்ளை பேரு கண்ணுல படலை.

அன்னிக்கு மத்தியானம் ஹால்ல அந்தப் பாத்திரத்துக்கு நடுவுல உக்காந்திருக்கும்போதுதானுங்க ஒறைச்சுது. அவ சொன்னாளே, சொன்ன மாதிரியே செஞ்சுட்டீங்கன்னு. எதைச் சொன்னான்னு. இந்த வீட்டுல அவ பேரு இருக்கக் கூடாதுன்னு நான் கத்தினது. நான் வேணும்னே தேடித் தேடி அழிச்சுப்போட்டேன்னு நெனச்சுட்டா அம்மிணி. ஒம்போது நாள் நின்னு அழிச்சிருக்கேன்னு நெனச்சுட்டா.

போன் பண்ணினேன். எடுக்கலை. ஒரு நாளைக்கு நாலு தடவை பண்றேன், அடிச்சு அடிச்சு நிக்குது. மெசேஜ் போட்டேன், தெரியாமப் பண்ணிப்போட்டேன் கண்ணு, அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு. பாத்துட்டா, நீலமா ரெண்டு கோடு விழுந்திருச்சு. பதில் இல்லை. என்ன எழுதியிருந்துச்சுன்னு கேட்டா அவளுக்கு இன்னும்தானே வலிக்கும், அது அப்புறந்தான் தோணுச்சு. இத்தனை வருசமா இந்த ஆளு அதைப் படிக்கக்கூட இல்லைன்னு தெரிஞ்சிரும்ல.

இன்னிக்குச் செவ்வாய். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறா. மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கலாம், இந்தப் போசியை மட்டும் சரி பண்ணி ஓசூருக்குக் கொண்டுபோயிக் குடுத்துரோணும். உள்ள ஈயம் போயிருந்துச்சு, நல்ல ஆளாப் பாத்துப் பூச வச்சுட்டேன். அது எனக்குத் தெரிஞ்ச வேலை. பேருதான் சிக்கல். திங்கக்கெழமை காலையில வந்தேன், பேரு வெட்டறவரு மெசினை எடுத்து வச்சுட்டு, "சொல்லுங்க, என்ன எழுதோணும்?"னாரு. சுகந்தின்னேன். "வயசு?" தெரியாது. இது எந்தப் பொறந்த நாளுக்கு எடுத்ததுன்னு எனக்கெப்படித் தெரியும்? "கீழ என்ன வரி?" தெரியாது. டீச்சரம்மாவுக்கும் அது தெரியலை. அந்தம்மா இந்த பெஞ்சுலதான் உக்காந்திருக்குமாம், துளசி மட்டும் உள்ள போயி எழுதிக் குடுப்பாளாம். வீட்டுக்குப் போயித் தேடிப் பாத்துட்டு சாயங்காலம் மறுபடி வந்தேன். என்ன சொல்றதுன்னு தெரியாம அப்பவும் திரும்பிப் போயிட்டேன். நானா ஏதாவது எழுதிக் கொண்டுபோனா, அவ அதையும் தடவிப் பாப்பா. தெரிஞ்சிரும்.

வந்துட்டாரு பாருங்க. முக்கால் மணி நேரம், சொன்னனா? நீங்க மொதல்ல குடுங்க, உங்ககிட்டச் சீட்டு இருக்குது. எனக்கொண்ணும் அவசரமில்லை.

கொர்ருன்னு எப்படி எழுதறாரு பாருங்க. என்ன ஒரு வேகம். இருபத்தோரு தடவை இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு துளசி நின்னிருக்கா.

முடிஞ்சுதுங்களா? காட்டுங்க. நல்லா விழுந்திருக்குது. நல்லா ஆழமாவே போடச் சொல்லுங்க.

இருங்கண்ணா, ஒரு நிமிசம். சொல்றேன், சொல்றேன்.

அம்மிணி, உங்களை ஒண்ணு கேக்கலாமுங்களா? தப்பா நெனைக்காதீங்க. உங்க போன்லயிருந்து ஒரு தடவை அவளைக் கூப்பிட முடியுமுங்களா? தெரியாத நம்பரா இருந்தா எடுப்பா. நான் பேசலை. என்ற பேரைச் சொல்ல வேண்டாம். பாத்திரக் கடையிலயிருந்து பேசறோம், பால் காய்ச்சற பித்தளைப் போசி வந்திருக்குது, அதுல என்ன எழுதோணும்னு மட்டும் கேளுங்க. அவ்வளவுதான். நம்பரு எனக்கு மனப்பாடம், சொல்றேன்.

அடிக்குதுங்களா? எடுத்துட்டாளா?

சொல்லுங்க, சொல்லுங்க. ஆமா, பித்தளை. ஒரு பக்கம் காது சித்தே கோணலா இருக்கும்னு சொல்லுங்க.

என்னங்க சொல்றா? அழுகறாளா? இல்லையா? சரி. ... பதினெட்டு? பதினெட்டு வயசுன்னு சொல்றாளா? அண்ணா, எழுதிக்கங்க. சுகந்தி. பதினெட்டு. கீழ?

என்னது?

இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க அம்மிணி. சரியாக் கேட்டீங்களா?

"அப்பா நாச்சிமுத்து அன்பளிப்பு."

இல்லீங்க. தப்பு. நான் வாங்கித் தரலீங்களே. ஒண்ணு கூட நான் வாங்கித் தரலை, எல்லாம் துளசி... அவகிட்டக் கேளுங்க, மத்ததுல என்ன இருந்துச்சுன்னு கேளுங்க.

எல்லாத்துலயும் அதேதானா? இருபத்தொண்ணுலயுமா?

அப்பா உனக்குன்னு வாங்கியாந்தாருன்னு சொல்லித்தான் அவ குடுப்பாளாமா? வருசா வருசமா?

அடப்பாவி, துளசி...

ஒண்ணுமில்லைங்க. கண்ணுல என்னமோ... இல்லை, அழுகறேன்தான். அழுதா என்னங்க இப்ப. அண்ணா, நீங்க மெசினை நிறுத்தாதீங்க, எழுதுங்க. அவ சொன்னபடியே எழுதுங்க. பொய்யா இருந்தாலும் எழுதுங்க. ஆழமாப் போடுங்க.

வச்சுட்டாளா? இல்லையா? இன்னும் லைன்ல இருக்காளா? என்ன கேக்கறா?

அப்பா பக்கத்துல இருக்காரான்னா கேக்கறா?

இருக்காருன்னு சொல்லுங்க அம்மிணி. இங்கதான் உக்காந்திருக்காருன்னு சொல்லுங்க.